வருமானக் கோடும் மதிய உணவுத் தட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பள்ளிக்கூடங்களில், பள்ளி நடைபெறும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 3 கோடிக் குழந்தைகள், அரசாங்க மானியம் பெற்ற மதிய உணவை உண்கின்றனர். ஒரே வரிசையில் நின்று, ஒரே விதமான தட்டை ஏந்தி, ஒரே உணவைப் பெற்றுச் செல்லும் அந்தக் குழந்தைகளுள் ஒரு குழந்தை அதற்காக யாதொன்றும் கொடுப்பதில்லை; அடுத்து நிற்பது 40 சென்ட் கொடுக்கிறது; அதற்கும் பின்னால் நிற்பது, ஊருக்கு ஊர் வேறுபடினும், பல இடங்களில் 3 டாலரை ஒட்டிய முழு விலையைக் கொடுக்கிறது. இந்த மூவகைப் பாகுபாடு எங்ஙனம் உண்டாயிற்று, ஒரு குடும்பம் எந்த வகையில் சேரும் என்பதை நிர்ணயிப்பவர் யார், அந்த நிர்ணயத்தினால் விளையும் கஷ்டம் முடிவில் யார் தலையில் இறங்குகிறது என்னும் விஷயங்களை ஆராயப் புகுந்தபோது, எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: இந்த ஏற்பாட்டினால் மிகுதியும் அல்லலுறுகிறவர்கள் பரம ஏழைகள் அல்லர், வருமானக் கோட்டுக்குச் சற்றே மேலே நிற்பவர்களும், கோட்டுக்குக் கீழே இருந்தும் அதைக் காகிதத்தில் காட்ட இயலாமற்போனவர்களுமே.

பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டது 1946-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி. ஜார்ஜியா மாகாணத்துச் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலின் பெயரைப் பிற்காலத்தில் தாங்கிய அச்சட்டம், தேசத்துக் குழந்தைகளின் ஆரோக்கியத்தைக் காப்பதையும், தேசத்தில் விளையும் உணவுப் பொருள்களுக்கு உள்நாட்டிலேயே செலவு தேடுவதையும் தன் இரு நோக்கங்களாக முகவுரையிலேயே பிரகடனம் செய்துகொண்டது. உலக யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது உடல் நலிந்த இளைஞர்கள் பலர் தள்ளப்பட்டதனால் எழுந்த கவலை ஒருபுறமும், விலை வீழ்ச்சியினால் நொந்த குடியானவர்களின் உபரி விளைச்சலை எங்கேயேனும் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய அவசியம் மற்றொருபுறமுமாகச் சேர்ந்து பெற்ற குழந்தை அந்தச் சட்டம். நிறத்தைக் காட்டி எந்தக் குழந்தையையும் விலக்கலாகாது என்னும் ஷரத்து, ஹார்லெம் பகுதியின் பிரதிநிதியான ஆடம் கிளேட்டன் பவலின் முயற்சியால் அதில் இடம்பெற்றது. ஆயினும் முக்கியமான ஒன்றைச் சட்டம் தெளிவாக்காமல் விட்டது. விலை கொடுக்க இயலாத குழந்தைக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு தரவேண்டும் என்று சொன்ன சட்டம், இயலாதவர் யார் என்பதை அந்தந்த ஊர்ப் பள்ளி அதிகாரிகளின் தீர்மானத்துக்கு விட்டதோடு, அதற்கென்று போதிய பணத்தையும் ஒதுக்கவில்லை.

இதன் பலன் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெட்டவெளிச்சமாயிற்று. ஐந்து மகளிர் சங்கங்கள் ஒன்றுகூடி அமைத்து, ஜீன் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் அம்மையார் தலைமை தாங்கிய குழு, நாடெங்கும் விசாரித்து 1968-இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அரசாங்கப் பள்ளிகளில் படித்த ஏறக்குறைய 5 கோடிக் குழந்தைகளுள் இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு பெற்றவர்கள் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை என்பதே அவ்வறிக்கை கண்ட உண்மை. மானியத்தின் பெரும்பகுதி, விலை கொடுக்கும் சக்தி வாய்ந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கே போய்ச் சேர்ந்தது. உணவு கிடைத்த ஏழைக் குழந்தைகளும் கௌரவத்தோடு அதைப் பெற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. தனி நிறச் சீட்டு, தனி வரிசை, சாப்பாட்டுக்கு ஈடாகச் சமையலறையில் வேலை என்று அடையாளப்படுத்தும் வழிகள் எத்தனையோ இருந்தன. மறு வருஷம், 1969 ஜனவரியில், ஓக்லாந்து நகரத்து மாதா கோயில் ஒன்றில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் ஒரு கேள்வியும் கேளாமல் குழந்தைகளுக்குக் காலை உணவு பரிமாறத் தொடங்கியதை இந்தப் பின்னணியிலேதான் புரிந்துகொள்ள வேண்டும்.

1970-இல் காங்கிரஸ் சபை விழித்துக்கொண்டது. தகுதிக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் விதிக்கப்பட்டது. இலவச உணவு பெறும் குழந்தையைத் தனிச் சீட்டினாலோ, தனி வரிசையினாலோ, பெயர்ப் பட்டியலை வெளியிடுவதனாலோ இன்னார் என்று பிறர் அறியச் செய்யலாகாது என்று சட்டம் கண்டிப்பாகத் தடுத்தது. அந்தத் தடையை நான் பெரிதும் மதிக்கிறேன். பசியைத் தணிப்பதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், பசி தணியும் விதத்தையும் சட்டத்துக்குரிய விஷயமாக அது ஆக்கிற்று. எனினும் வகுப்பில் யார் யார் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்ற கணக்கு அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது. அக்கணக்கு பிறர் கண்ணில் படலாகாது என்றும் சட்டம் விரும்பியது. இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முயன்றதன் சரித்திரமே பிற்பாடு நடந்தவை அனைத்தும்.

இன்றைய வரம்புகள், ரீகன் ஜனாதிபதியாயிருந்த 1981-இல் செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு வகுக்கப்பட்டவை. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்கு மேற்படாவிடில் உணவு இலவசம். 130-க்கும் 185-க்கும் இடைப்பட்டால் குறைந்த விலை, அதாவது மதிய உணவுக்கு 40 சென்ட்டுக்கு மேற்படாத தொகை. 185-ஐத் தாண்டினால் முழு விலை. அந்த வறுமைக் கோடும் உணவிலிருந்து பிறந்ததே என்பது பலர் அறியாத செய்தி. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஒர்ஷான்ஸ்கி என்னும் பெண்மணி, குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுகின்றன என்னும் பழைய ஆய்வை ஆதாரமாகக் கொண்டு, மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி 1960-களின் தொடக்கத்தில் அதைக் கணித்தார். வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் குழந்தைக் காப்பகக் கட்டணமும் உணவுச் செலவைவிடப் பன்மடங்கு ஏறிவிட்ட இக்காலத்திலும், விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்பட்ட அதே கோடுதான் ஆட்சி செலுத்துகிறது. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக நாடெங்கும் கோடு ஒன்றே; மிசிசிப்பியின் சிற்றூரில் வாழும் குடும்பத்துக்கும் நியூயார்க் நகரத்தில் வாடகை கொடுத்துத் திணறும் குடும்பத்துக்கும் அதில் தாரதம்மியம் கிடையாது.

2024-25 கல்வியாண்டில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இலவச உணவின் எல்லை ஆண்டு வருமானம் 40,560 டாலர். குறைந்த விலையின் எல்லை 57,720 டாலர். பள்ளி ஆண்டில் 180 நாள் என்று வைத்து, இரண்டு குழந்தைகளுடைய மதிய உணவை மட்டும் எண்ணிப் பார்ப்போம். எல்லைக்குள் அடங்கிய குடும்பம் குறைந்த விலையில் ஆண்டுக்கு 144 டாலர் கொடுக்கும். மேலதிக நேர வேலையினாலோ சிறு சம்பள உயர்வினாலோ வருமானம் எல்லையைச் சில டாலர் தாண்டிவிட்டால், வேளைக்கு 3 டாலர் வீதம் அதே உணவுக்கு 1,080 டாலர் கொடுக்க நேரும். படிப்படியாக ஏறும் சரிவு இங்கே இல்லை. வருமானம் கூடியதனால் நஷ்டம் அடையும் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்த்தால், எல்லைகளை வகுத்தவர்கள் அவற்றின் ஓரத்தில் வாழ்பவர்களை நினைவில் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

குடும்பம் தன் வகையை அறிவிக்கும் சாதனம் விண்ணப்பப் படிவம். கல்வியாண்டின் தொடக்கத்தில் குழந்தையின் கையிலோ கம்ப்யூட்டர் வழியாகவோ வீடு சேரும் அப்படிவத்தில், ஒரே கூரையின் கீழ் வருமானத்தையும் செலவையும் பகிர்ந்து வாழும் அத்தனை பேருடைய பெயரும் எழுதவேண்டும். பெரியவர் ஒவ்வொருவரும் வரிப் பிடித்தத்துக்கு முன் எவ்வளவு ஈட்டுகிறார், அது வாரந்தோறும் வருவதா, இரு வாரங்களுக்கு ஒருமுறையா, மாதம் இருமுறையா, மாதம் ஒருமுறையா என்பதையும் குறிக்கவேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 26 சம்பளம், மாதம் இருமுறை என்றால் 24 என்பதால், கட்டத்தை மாற்றிக் குறித்தாலே வகை மாறிவிடக்கூடும். கையெழுத்திடுபவர் தம் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதவேண்டும். எண் இல்லாதவர் இல்லை என்று குறித்தால் போதும். குடியுரிமை பற்றிக் கேள்வி இல்லை. ஆனாலும் அயல்நாட்டிலிருந்து வந்து அனுமதிப் பத்திரங்களுக்காகக் காத்திருக்கும் தகப்பன், அந்த நான்கு கட்டங்களைக் கண்டதும் பேனாவை வைத்துவிடுவான் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. பிறரிடம் கைநீட்டுவதாகுமோ என்னும் கூச்சம், எழுத்தறிவுக் குறைவு, வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பதனால் இன்ன மாதம் இன்ன வருமானம் என்று சொல்ல இயலாமை ஆகியவையும் படிவத்தை வீட்டிலேயே தங்கச் செய்கின்றன.

விண்ணப்பத்தைப் பள்ளி பத்து வேலை நாளுக்குள் தீர்மானிக்கவேண்டும் என்பதும், அங்கீகாரம் அந்த ஆண்டு முழுவதற்கும் அடுத்த ஆண்டின் முதல் 30 பள்ளி நாட்களுக்கும் செல்லும் என்பதும் விதி. அந்த 30 நாள் முடிந்தும் புதுப் படிவம் வராத குழந்தை, முந்தைய நாள்வரை இலவசமாக உண்டிருந்தும், மறுநாள் முழு விலை வகைக்கு மாறிவிடுகிறது. அங்கீகரித்த விண்ணப்பங்களுள் பொதுவாக நூற்றுக்கு மூன்றை எடுத்துச் சம்பளச் சீட்டு முதலிய அத்தாட்சிகளைக் கேட்டுச் சரிபார்க்கும் வழக்கமும் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதாவிட்டால், தகுதி இருந்தாலும் சலுகை ரத்தாகும். மௌனமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எண்ணப்படுகிறது.

நல்ல வேளையாகப் படிவத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழி ஒன்று உண்டு. அரசாங்கத்தின் உணவு உதவித் திட்டமான ஸ்நாப்பின் பயனாளிகள் பட்டியலையும் பள்ளிப் பதிவேட்டையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டு, இரண்டிலும் காணப்படும் குழந்தையைப் பெற்றோர் கேட்காமலே இலவச வகையில் சேர்ப்பதே அது. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பின்னர் அநேக மாகாணங்களில் மெடிக்கெய்ட் மருத்துவ உதவிப் பட்டியலும் சேர்ந்தது. வளர்ப்புக் குடும்பத்தில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளுக்கும் வீடற்ற குழந்தைகளுக்கும் வருமான விசாரணையே கிடையாது.

இனி, தட்டு ஏந்திய குழந்தை வரிசையின் முடிவில் இருக்கும் காசாளரிடம் வந்து சேர்வதைக் காண்போம். இறைச்சி அல்லது அதற்கு ஈடானது, தானியம், காய்கறி, பழம், பால் ஆகிய ஐந்தில் மூன்றேனும் தட்டில் இருக்கிறதா, அவற்றுள் ஒன்று அரைக் கோப்பைப் பழமோ காய்கறியோ ஆகுமா என்று காசாளர் ஒரு பார்வையில் கண்டறிந்தாக வேண்டும். இல்லாவிடில் அத்தட்டுக்கு மானியம் இல்லை. குழந்தை சிறு விசைப்பலகையில் தன் எண்ணைத் தட்டுகிறது. எவ்வகைக் குழந்தை என்பது அந்த எண்ணுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. எல்லோரும் எண் தட்டுவதனால் ஒருவர் நிலையை மற்றவர் அறிய வழியில்லை. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பிய மறைவை இயந்திரம் இவ்வாறு ஏற்படுத்திக் கொடுத்தது. வகைவாரியாக எண்ணப்பட்ட தட்டுகளின் மாதக் கணக்கு மாகாணத்துக்குப் போய், மத்திய விவசாய இலாகாவின் பணம் வருகிறது: 2024-25-இல் இலவசத் தட்டு ஒன்றுக்கு அடிப்படை விகிதம் 4.43 டாலர், குறைந்த விலைத் தட்டுக்கு அதில் 40 சென்ட் குறைவு, முழு விலைத் தட்டுக்கும் 42 சென்ட் உண்டு.

ஆனால் காசாளர் முன்னுள்ள திரையில் பாக்கி என்ற சொல் தோன்றும் கணத்தில் மறைவு கலைகிறது. இலவச வகைக் குழந்தையின் கணக்கில் மானிய உணவுக்கான பாக்கி ஏறுவதே இல்லை. பெற்றோர் முன்பணம் கட்டவேண்டிய மற்ற இரு வகையினர் கணக்கிலேதான் அது ஏறும். ஆகவே வரிசையில் தடுத்து நிறுத்தப்படும் குழந்தை, கோட்டின் ஓரத்து வீட்டிலிருந்தோ படிவம் எழுதாத வீட்டிலிருந்தோ வந்த குழந்தையே. அதன் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குளிர்ந்த பாலாடைக்கட்டி ரொட்டி ஒன்றைக் கொடுத்தனுப்புவது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. கையில் முத்திரை குத்தி அனுப்பிய ஊர்களும் உண்டு. 2014 ஜனவரியில் சால்ட் லேக் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், சுமார் 40 குழந்தைகளிடமிருந்து வாங்கிய மதிய உணவு, ஒருமுறை பரிமாறியதை மீண்டும் பரிமாறலாகாது என்ற காரணத்தினால் குப்பையில் கொட்டப்பட்டது. 2019-இல் பென்சில்வேனியாவின் ஒரு பள்ளி மாவட்டம், உணவுப் பாக்கியைத் தீர்க்காவிட்டால் குழந்தையை வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்ப நேரலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதியது. பாக்கியின் தொகையையும் எச்சரிக்கையின் கொடுமையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் மனம் பதறும்.

பள்ளி நிர்வாகிகள் இரக்கமற்றவர்கள் என்று இதனால் முடிவுகட்டுவது நியாயமாகாது. வசூலாகாத பாக்கியை மத்திய மானியம் சேரும் உணவு நிதியிலிருந்து தள்ளுபடி செய்ய விதி இடம் தருவதில்லை. ஆசிரியர் சம்பளத்துக்கும் கட்டிடத்துக்கும் உரிய பொது நிதியிலிருந்தோ தர்மவான்களிடமிருந்தோ அதை ஈடுகட்ட வேண்டும். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தில் பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளராயிருந்த ஃபிலாண்டோ காஸ்டீல், பணம் இல்லாத குழந்தைகளுக்குத் தம் கைப்பணத்தைக் கட்டியவர். 2016-இல் போலீஸ்காரர் ஒருவர் சுட்டு அவர் மாண்டபின், அவர் பெயரால் திரண்ட நிதி அந்நகரத்துப் பள்ளிக் குழந்தைகளின் பாக்கிகளைத் தீர்த்தது. 2017-இல் நியூ மெக்சிகோ மாகாணம், பாக்கிக்காகக் குழந்தையை அவமதிப்பதையும் அதனிடம் வேலை வாங்குவதையும் தடுத்து, பேச்சுவார்த்தை பெற்றோரோடு மட்டுமே நிகழவேண்டும் என்று முதன்முதலாகச் சட்டம் செய்தது. மற்ற மாகாணங்கள் சில பின்தொடர்ந்தன.

கட்டணம் செலுத்தும் வழியிலும் ஏழைக்கு ஒரு தனி அபராதம் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்கள் மைஸ்கூல்பக்ஸ், ஸ்கூல்கஃபே, லிங்க் கனெக்ட் முதலிய தனியார் கம்பெனிகளின் மூலம் ஆன்லைனில் பணம் வாங்குகின்றன. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புச் செயலகம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பணம் சேர்க்கச் சராசரி 2.37 டாலர் கட்டணம் பிடிக்கப்படுகிறது. ஆண்டுத் தொகையை ஒரே தடவையில் கட்டக்கூடிய வீட்டுக்கு இது பொருட்டே அல்ல. சம்பள நாளில் சில டாலர் சேர்த்துவைக்கும் வீட்டுக்கோ, குறைந்த விலை உணவுக்குச் செலவிடும் டாலர் ஒன்றுக்கு 60 சென்ட் வரை கட்டணமாகவே போய்விடக்கூடும் என்று அவ்வாய்வு கணித்தது. பள்ளிக்கு நேரில் சென்று கட்டணமின்றிச் செலுத்த வழி இருக்கவேண்டும் என்பது விதியே. ஆனால் பள்ளி திறந்திருக்கும் நேரத்தில் வேலையில் நிற்கும் தாய் அந்த விதியை எப்படிப் பயன்படுத்துவாள்? இலவசத்துக்கோ குறைந்த விலைக்கோ தகுதி பெற்ற குடும்பங்களிடம் இக்கட்டணத்தை 2027-28 முதல் வாங்கலாகாது என்று விவசாய இலாகா 2024 நவம்பரில் அறிவித்தது.

இத்தனை சிக்கல்களையும் கண்டபின், கோட்டைத் திருத்துவதைவிடக் குழந்தையின் முன்னிலிருந்து அதை அகற்றிவிடுவதே மேல் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தி, 2014 முதல் நாடெங்கும் அமலான சமூகத் தகுதி ஏற்பாடு அவ்வகையானது. 500 குழந்தைகள் படிக்கும் பள்ளியில் 250 பேர் உதவிப் பட்டியல்கள் மூலம் தாமாகவே தகுதி பெற்றவர்கள் என்று கொள்வோம். அந்த 50 சதவீதத்தை 1.6 ஆல் பெருக்கினால் 80. பரிமாறும் தட்டுகளில் நூற்றுக்கு 80-க்கு இலவச விகிதத்திலும் மீதி 20-க்கு முழு விலை வகைக்குரிய சொற்ப விகிதத்திலும் மானியம் வரும். பள்ளி அனைவருக்கும் இலவசமாக உணவளிக்க வேண்டும். படிவம் இல்லை, பாக்கி இல்லை. மற்ற 250 பேருள் படிவம் எழுதித் தகுதி பெற்றிருக்கக்கூடியவர்களையும் கணக்கில் கொள்வதற்காகவே அந்த 1.6. இத்திட்டத்தில் சேரப் பட்டியல் வழியே தகுதி பெற்றவர்கள் முதலில் 40 சதவீதம் இருக்கவேண்டியிருந்தது. 2023-இல் அது 25 ஆகத் தளர்த்தப்பட்டது.

பின்பு பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் முதல் 2022 ஜூன் வரை நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் வருமானம் கேளாமல் உணவளிக்க அனுமதி தரப்பட்டது. அது முடிந்தபோது, வருடக்கணக்கில் மறந்திருந்த படிவங்கள் மீண்டும் வீடு தேடி வந்தன. அந்த அனுபவத்துக்குப் பின் பழைய முறைக்குத் திரும்ப மனமில்லாத கலிபோர்னியாவும் மேய்னும் முதலில் தங்கள் செலவிலேயே அனைவருக்கும் இலவச உணவை நிரந்தரமாக்கின. கொலராடோ, மின்னசோட்டா, நியூ மெக்சிகோ, வெர்மான்ட், மிச்சிகன், மாசசூசெட்ஸ் ஆகியவை தொடர்ந்தன. 2025-இல் நியூயார்க்கும் சேர்ந்தது. பணக்காரர் குழந்தைக்கும் இலவசமா என்ற ஆட்சேபம் எங்கும் எழுந்தது. கொலராடோவின் வாக்காளர்கள் 2022-இல் 3,00,000 டாலருக்கு மேற்பட்ட வருமானக்காரர்களின் வரிச் சலுகையைக் குறைத்து அப்பணத்தைக் கண்டார்கள். மாசசூசெட்ஸ் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின் மீது விதித்த கூடுதல் வரியிலிருந்து எடுத்தது. செல்வந்தரிடம் வாங்கவேண்டியதை வரி அலுவலகத்தில் வாங்கிவிட்டு, உணவுக்கூடத்தில் குழந்தையைக் குழந்தையாக நடத்தும் இந்த முறையே எனக்கு உசிதமாகப் படுகிறது.

தமிழருக்கு இந்த வரலாற்றோடு நேரான தொடர்பு ஒன்று உண்டு. காமராஜர் முதலமைச்சராயிருந்த 1956-இல் விரிவாகத் தொடங்கிய சென்னை மாகாணத்து மதிய உணவுத் திட்டத்துக்கு, 1961 முதல் கேர் என்னும் அமெரிக்க உதவி ஸ்தாபனத்தின் மூலம் வந்த பால்பொடியும் எண்ணெயும் தானியமும் அமெரிக்கக் குடியானவர்களின் அதே உபரி விளைச்சலிலிருந்து வந்தவையே. நம் திட்டமும் முதலில் ஏழைக் குழந்தைகளைத் தேர்ந்தே உணவளித்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்குப் பின்னர், வரிசையில் வந்து அமரும் பிள்ளையின் தகப்பனுடைய சம்பளத்தைக் கேட்கும் வழக்கம் இல்லாமற்போயிற்று. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் அக்கேள்வி இல்லை. அமெரிக்கரின் தட்டில் காணும் உணவு வகைகளும் அவர்கள் செலவிடும் தொகையும் நமக்கு எட்டாதவை. ஆயினும் வருமானக் கேள்வியைக் கைவிட்ட விஷயத்தில் அவர்களுடைய மாகாணங்கள் பலவற்றுக்கு நாம் முற்பட்டவர்கள்.

அங்கே இப்போது புதிய சங்கடம் ஒன்று உருவாகியிருக்கிறது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், ஸ்நாப் உதவிக்குரிய வேலை நிபந்தனைகளை இறுக்கி, மெடிக்கெய்ட்டுக்கும் அத்தகைய நிபந்தனையை விதித்தது. அச்சட்டம் பள்ளி உணவைப் பற்றிய விதிகளைத் தொடவில்லை. ஆனால் பட்டியலிலிருந்து ஒரு குடும்பம் விலகும்போது, அக்குடும்பத்துக் குழந்தை தானாகத் தகுதி பெறும் வழி அடைபடுவதோடு, பள்ளியின் சதவீதமும் குறைகிறது. முன்சொன்ன 500 பேர் பள்ளியில் 50 குழந்தைகள் பட்டியலிலிருந்து நீங்கினால், 250 என்பது 200 ஆகும்; இலவச விகிதத்தில் மானியம் பெறும் தட்டுகள் நூற்றுக்கு 80-லிருந்து 64 ஆகக் குறையும். நான்காண்டுக்கு ஒருமுறை இக்கணக்கைப் புதுப்பிக்கும் நாள் வரும்போது, தங்கள் செலவில் உணவளிக்காத மாகாணங்களிலுள்ள பள்ளி நிர்வாக சபை, குறைந்துபோன மானியத்தை ஊர் வரியிலிருந்து நிரப்புவதா, அல்லது அந்த 500 குழந்தைகளின் வீடுகளுக்கும் விண்ணப்பப் படிவத்தை மறுபடி அனுப்புவதா என்று தீர்மானித்தாக வேண்டும்.